ஒரு நாட் சிற்பம்

கண்டி மாநகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்திருக்கின்றது கட்டுகஸ்தோட்டை. அவ்வூரிலுள்ள வானிலை அவதான நிலையம் மழையை அளந்து வருகின்றது. வெப்பதட்பத்தைக் குறித்து வருகின்றது. ஆயின் வெண்பனி மழையை அளக்கும் வேலை மட்டும் அதற்கு வாய்த்ததில்லை. மலைநாட்டின் உச்சியிலுள்ள நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் சில வைகறைப் பொழுதுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைக் கொழுந்தும் அதனாற் கருகுவதுமுண்டு. வானிலிருந்து பஞ்சுபோல் விழுந்து நிலத்தை மூடும் பனியை இலங்கை மண் அறியாது. முன்பனி, பின்பனி என்று பருவங்களை வகுத்த தமிழர் பனி என்று சொன்னது பெரும்பாலும் இலைநுனியில் நிற்கும் நீர்த்துளியைத்தான்.

அவ்வாறிருக்க, வெண்பனியிற் சிற்பம் சமைக்கும் கலைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை காணுமுன் அக்கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1494ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் பெரும் பனி பெய்தது. அந்நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் தலைவன் பியரோ என்பான், பதினெட்டு வயது நிரம்பிய சிற்பி ஒருவனை அழைத்து, தன் மாளிகை முற்றத்திலே பனியால் ஓர் உருவம் செய்யுமாறு பணித்தான். அவ்விளைஞனே பின்னாளில் உலகம் போற்றிய மைக்கலாஞ்சலோ. அவ்வுருவம் எத்தகையது என்பதை இன்று சொல்வார் இல்லை. வெயில் வந்தது, அது நீராகியது. அதே ஆண்டின் இறுதிக்குள் பியரோவும் நகரைவிட்டுத் துரத்தப்பட்டான். 1511இல் பிரசல்சு நகரிலே வாரக்கணக்காக நீடித்த கடுங்குளிரின்போது பொதுமக்களே தெருத்தெருவாக நூற்றுக்கும் மேற்பட்ட பனியுருவங்களைச் செய்து நிறுத்தினர். அதிகாரிகளை எள்ளும் உருவங்களும் அவற்றுள் இருந்தன.

இக்காலத்து வெண்பனிச் சிற்ப விழாக்களுள் பெரும்புகழ் பெற்றது யப்பான் நாட்டுச் சப்போரோ நகரின் விழா. அதனைத் தொடங்கியவர்கள் பெருஞ்சிற்பிகள் அல்லர், பள்ளி மாணவர்களே. 1950ஆம் ஆண்டில் அவர்கள் ஓடோரிப் பூங்காவிலே ஆறு உருவங்களைச் செய்தனர். போர் முடிந்து ஐந்தாண்டுகளே சென்றிருந்த காலம் அது. வறுமையும் சோர்வும் மிகுந்திருந்த மக்கள் அந்த ஆறு உருவங்களைக் காணத் திரண்டு வந்தனர். 1972இல் அந்நகரில் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது அவ்விழாவின் பெயர் உலகெங்கும் பரவியது.

இக்கலையை முதன்முறை பயில்வோர்க்கு அது கடினமன்று. பலகைகளாற் பெட்டிபோல் அடைத்து, அதனுள் பனியைக் கொட்டி மிதித்து இறுக்குவர். ஓரிரவு அப்படியே விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே கட்டியாகும். பின்பு பலகையைக் கழற்றி, உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்குவர். மேற்பாரம் குறைந்த பின்னரே அடிப்பகுதியை மெலியச் செய்தல் பாதுகாப்பு என்பது அதன் காரணம். அதிகம் உலர்ந்த பனி ஒட்டாது. அதிகம் நனைந்த பனி நில்லாது. நீரிற் குழைத்த பனியே உடைந்த உறுப்பை ஒட்டும் பசையாகின்றது. மண்வெட்டி, வாள், சுரண்டி ஆகியவையே கருவிகள். ஆயின் அனுபவமிக்க சிற்பிகள் பனியைத் தொடுமுன் செய்யும் வேலை ஒன்றுண்டு. கையளவு களிமண்ணெடுத்து, தாம் செய்யவிருக்கும் உருவத்தைச் சிறிதாக வனைந்து பார்ப்பர். எப்பக்கம் சாயும், எவ்விடத்தில் முறியும் என்பதை அக்களிமண்ணே அவர்க்குச் சொல்லிவிடும்.

ஆகவே பனிச் சிற்பியின் முதற்பாடம் களிமண்ணிலே தொடங்குகின்றது. அப்பாடத்தைக் கண்டிச் சீமை நெடுங்காலமாக அறியும்.

கண்டிப் பிரதேசத்துச் சிங்கள மக்களிடையே பலி என்னும் சடங்கு ஒன்று வழங்கி வருகின்றது. தமிழிற் பலி என்றதும் உயிர்க்கொலையே நினைவுக்கு வரும். இங்கோ அச்சொல் கிரகங்களுக்கு இடும் காணிக்கையையும், அக்கிரகங்களின் உருவத்தையும் குறிக்கும். நோயாலோ கிரக தோஷத்தாலோ வருந்துபவர் பொருட்டு நவக்கிரக தேவதைகளின் உருவங்களை மண்ணிலே சமைப்பர். மூங்கிலாலும் வரிச்சுகளாலும் சட்டம் கட்டி, அதன்மேல் குழைத்த களிமண்ணை அப்பி, முகமும் முடியும் அணியும் ஆயுதமும் தோன்றப் புடைப்பாக வனைந்து, வண்ணம் தீட்டுவர். சில உருவங்கள் ஆளுயரத்தையும் மிஞ்சும். இளந்தென்னங் குருத்தும் வாழைத்தண்டும் சூழ அழகு செய்யும். பரம்பரையாக மேளம் கொட்டும் மரபினரே இவ்வேலையிலும் வல்லவர்கள். தந்தை சட்டம் கட்ட, மகன் மண் குழைக்க, பேரன் வண்ணம் கரைக்க, அவ்வாறே கல்வி நடந்தது.

இரவு முழுவதும் முரசு ஒலிக்கும். பாடலும் ஆடலும் நிகழும். நோயாளி அவ்வுருவங்களை நோக்கியிருப்பார். விடிந்ததும் சடங்கு முடியும், உருவங்கள் அழிக்கப்படும். பல நாள் உழைப்பு ஓரிரவிலே தன் பயனைத் தந்துவிட்டு மண்ணோடு மண்ணாகின்றது.

தமிழர்க்கும் இது புதிதன்று. ஆவணிச் சதுர்த்தியிற் களிமண்ணால் வனைந்த பிள்ளையாரை நீரிற் கரைக்கின்றனர். மார்கழி வாசலிற் சாணத்தாற் பிடித்த பிள்ளையாரின் தலையிற் பூசணிப்பூவைச் சூட்டுகின்றனர். கரைவதும் காய்வதும் குறையென்று யாரும் கருதியதில்லை.

எனினும் இங்கே கவலைக்குரிய செய்தி ஒன்று இருக்கின்றது. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்கள் கம்பளை அரசர் காலத்தவை. அவற்றைச் செதுக்கிய கைகள் மறைந்து அறுநூறு ஆண்டுகள் கடந்தும், அன்னமும் யாளியும் அத்தூண்களில் வாழ்கின்றன. 1815இல் கண்டி அரசு வீழ்ந்தபோது கலைஞர்கள் அரசரின் ஆதரவை இழந்தனர். ஆயினும் மரமும் கல்லும் தந்தமும் தாமே சாட்சியாக நின்றன. மண்ணுருவத்துக்கு அந்தப் பேறு இல்லை. அது வாழ்வதற்கு ஒரே இடம் மாணாக்கனின் கை. ஒரு தலைமுறை கற்க மறந்தால், எடுத்துக்காட்ட ஓர் உடைந்த விரலும் எஞ்சாது.

இதனை நன்குணர்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இற் கொழும்பிலே, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த அவர், கனிப்பொருள் ஆராய்ச்சிக்காக இலங்கைக் கிராமங்களெங்கும் அலைந்தார். கல்லைத் தேடிச் சென்றவர் கலையைக் கண்டார். கண்டிக் கைவினைஞரின் தொழில்முறைகளையும் வாழ்க்கையையும் ஆராய்ந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். பொருள்களை மட்டும் அவர் எழுதவில்லை. அவற்றைச் செய்தவர்கள் எவ்வாறு கற்றனர், சமூகத்தில் எவ்விடம் பெற்றனர் என்பதையும் எழுதினார். 1917 முதல் 1947இல் மறையும் வரை அவர் பணியாற்றியது அமெரிக்காவின் பொசுத்தன் நகரில். ஆண்டுதோறும் வெண்பனி மூடும் நகரம் அது.

பொசுத்தன் பனியும் கண்டிக் களிமண்ணும் வெவ்வேறு பொருள்களே. ஆயினும் இரண்டும் கற்பவனுக்கு ஒன்றையே கற்பிக்கின்றன: அடியை அகலமாக்கு, பாரத்தை அறிந்து ஏற்று, அழியுமென்று அறிந்தும் முகத்தைத் திருத்தமாகச் செய். சப்போரோ மாணவர்கள் பனியிலே கைவைத்தனர். கட்டுகஸ்தோட்டையிற் பனி இல்லை. மகாவலிக் கரையில் மண் உண்டு. விடுமுறை நாளொன்றில் ஒரு சிறுவன் அம்மண்ணைப் பிசைந்து ஒரு முகத்தை வனைவானாயின், அது மாலை மழையிற் கரைந்துபோகலாம். அவன் கைகள் கற்றது கரையாது.