எழுதப்படாத வசனம்

ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி பக்கத்துக் கடலோர ஊர்களில் திருவிழா இரவுகளில் ஸ்பெஷல் நாடகம் போடுவது நெடுநாளைய வழக்கம். பெரும்பாலும் வள்ளி திருமணம். பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் எழும்; முருகன் வருவதற்கு நடுநிசி தாண்டிவிடும். அதற்கு முன் மேடையில் தனியாக வந்து நிற்பவன் பபூன். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக அமர்த்தப்பட்டு வரும் நடிகர்களுக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாட்டும் வசனமும் துணையிருக்கின்றன. பபூன் தன் பேச்சைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊர்தான் அவனுக்குப் பிரதி.

நம் நாடக வரலாறுகள் அச்சில் கிடைத்ததையே நாடகம் என்று எடுத்துக்கொண்டன. பபூன் அவற்றில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. இந்தப் புறக்கணிப்பின் விளைவை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் எம். ஆர். ராதாவை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் பபூன் பார்ட் போட்டவர் என்பதற்காக அல்ல. எழுதியதைப் பேசாமல், பேசியதை எழுதவிடாமல், கதாநாயகனாக நின்றுகொண்டே பபூனின் தொழிலைச் செய்தவர் என்பதற்காக.

ராதா 1907 ஏப்ரல் 14 அன்று சென்னையில் பிறந்தார். பள்ளிப் படிப்பு இல்லை. சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் வளர்ந்தார். 1937இல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். சில படங்களுக்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினார். எல்லோரும் மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இவர் எதிர்த்திசையில் நடந்தார். பெரியாரின் கருத்துகளில் பிடிப்பு ஏற்பட்டதும் அந்தக் காலத்தில்தான். 'இழந்த காதல்', 'லட்சுமிகாந்தன்', 'போர்வாள்', கருணாநிதி எழுதிய 'தூக்குமேடை', திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' ஆகியவை அவர் ஊர் ஊராகக் கொண்டுபோனவை.

ஆசிரியர் பெயர்கள் இருந்தாலும் இவற்றை எழுத்து நாடகங்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். அன்று காலைச் செய்தி அன்றிரவே ராதாவின் வசனத்துக்குள் வந்துவிடும். கூட்டத்தில் எழும் குரலுக்குப் பாத்திரத்தை விட்டு இறங்கிப் பதில் சொல்வார். மறுவிநாடி பாத்திரத்துக்குள் போய்விடுவார். அடித்தொண்டையில் தொடங்கிக் கீச்சென்று உயரும் அந்தக் குரல் ஒரே ஆளுக்குள் இரண்டு பேரை வைத்திருந்தது: ஒருவன் கதையில் இருப்பவன், மற்றவன் கதையைக் கேலி செய்பவன்.

அரசாங்கத்துக்கு இது எங்கே இடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1876இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடகச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. சுதந்திர நாட்டில், 1954இல், சென்னை ராஜ்யம் தன் சொந்தச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. ராதா இராமாயணத்தை நாடகமாக்கி அதே ஆண்டில் நடத்திவந்ததும் கைதானதும் அதன் பின்னணி. மனம் புண்படுமென்று நினைப்பவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே விளம்பரம் செய்தவர். தடை வந்தபோது, ஒரு பெயரில் தடுக்கப்பட்ட நாடகம் வேறொரு பெயரில் மேடையேறிற்று. தலைமறைவு என்றால் ஒளிந்துகொள்வது என்று அர்த்தமில்லை. ராதா ஆயிரம் பேர் முன்னால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்றார்; தலைமறைவாக இருந்தது வசனம் மட்டுமே. பிரதியைக் கொடு என்று சட்டம் கேட்கலாம். பிரதியில் இல்லாததை எப்படிக் கேட்பது?

அதே 1954இல் 'ரத்தக்கண்ணீர்' படமாகவும் வந்தது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். தணிக்கையைத் தாண்டிய அந்த ஒரு வடிவம்தான் இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது. பின்னால் ஒலிநாடாவாகி, கல்யாண வீட்டு மைக்செட்டுகளில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்ததும் அதுவே. ஆயிரக்கணக்கான இரவுகளில் வெவ்வேறாகப் பேசப்பட்டது ஒரே வடிவமாக உறைந்துவிட்டது. அந்த வடிவத்தையே ராதா என்று நம்புகிறோம்.

உறைந்துவிட்டதால் அதன் கோளாறும் தெரிகிறது. கடைசியில் மோகனசுந்தரம் தன் மனைவியை நண்பனுக்கு மணம் செய்துவைக்கிறான். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அவன் செய்த பாவத்துக்குச் சம்பளமாகக் குஷ்டம் வருகிறது. பகுத்தறிவு பேசிய நாடகம் நோயைக் கர்மவினையாகக் காட்டிற்று. 1940களிலேயே சல்ஃபோன் மருந்து வந்து செங்கல்பட்டில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நோயாளிக்கு அந்த நாடகம் என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. தாசி காந்தாவின் மீது விழுந்த வசைக்கும், ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் நடனக்காரியின் மீது வீசும் ஏச்சுக்கும் உறவு உண்டு. சிரிப்பு அதிகாரத்தை நோக்கி மேலேயும் போகும், எளியவரை நோக்கிக் கீழேயும் விழும். ராதாவிடம் இரண்டும் இருந்தன. மறைப்பதற்கில்லை.

1967 ஜனவரி 12க்குப் பிறகு எம். ஜி. ஆரைச் சுட்டவர் என்பதே அவர் வரலாறாகிவிட்டது. தண்டனை, சிறை, வெளியே வந்ததும் மறுபடி மேடை, நெருக்கடி நிலையின்போது மீண்டும் சிறை. 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். ஒரு துப்பாக்கிச் சத்தம் நாற்பது வருஷத்துப் பேச்சை மூடிவிட்டது. மிமிக்ரிக்காரர்கள் குரலை வைத்துக்கொண்டார்கள். அந்தக் குரல் எதைச் சொன்னது என்பது போய்விட்டது.

1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2013 ஜனவரியில்தான். வழக்குத் தொடுத்தவர் 'பரீக்ஷா' ஞாநி. ராதா இறந்து முப்பத்துமூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுத்தாளர்களாகிய நமக்கு இதில் ஒரு வெட்கம் இருக்கிறது. மேடைப் பேச்சை அக்கறையாகக் குறித்துக்கொள்ள வந்தவர் போலீஸ்காரர். இலக்கியக்காரர் அதை மலிவு என்று ஒதுக்கினார். பேச்சில் எவ்வளவு இருக்கிறதென்று நம்மைவிட அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கடற்கரை மணலில் இன்னும் பத்து மணிக்கு ஆர்மோனியம் எழுகிறது. பபூன் தனியாக வருகிறான். விடிந்ததும் அவன் பேசியது கூட்டத்தோடு கலைந்துபோகும். யாராவது ஒருவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், குறித்தும் வைக்கலாம்.