ஸ்கோர் என்ன? ஒரு சொல் வந்த வழி

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் முன்பின் தெரியாத ஒருவரிடம் தயக்கமில்லாமல் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “ஸ்கோர் என்ன?” மின்சார ரயிலில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்திருந்தவரிடம் கேட்டார்கள். இன்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கிறார்கள். என்ன ஆட்டம், யாருக்கும் யாருக்கும் என்றெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அதே சொல் 1990களில் இப்பகுதி வீடுகளின் டிவி திரையில், மேல் மூலையில் ஆறு இலக்க எண்ணாக வந்து உட்கார்ந்தது. இப்போது வீடியோ கேம் விமர்சனங்களின் அடியில் ‘பத்துக்கு எட்டு’ என்று நிற்கிறது. மூன்று இடத்திலும் சொல் ஒன்றுதான், அளக்கப்படும் பொருள்தான் வேறு. பழைய பாணியில் புதிதாகச் செய்யப்படும் ‘ரெட்ரோ’ கேம்களுக்கு மதிப்பெண் போடுவதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

ஸ்கோர் என்பது ஆங்கிலத்துக்குப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். வெட்டு, கீறல் என்பது அதன் அடிப்பொருள். கணக்கு வைக்க மரக்குச்சியில் வெட்டிய அடையாளம் அது. இருபதுக்கு ஒரு வெட்டு என்று வைத்த வழக்கத்தால் ஆங்கிலத்தில் இருபது என்ற எண்ணுக்கும் அதுவே பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிரிக்கெட் கணக்கரும் குச்சியில்தான் வெட்டினார்கள். ரன்னுக்கே அன்று ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்று பெயர் இருந்தது. ஆக, பிறக்கும்போது இச்சொல்லில் கருத்துக்கு இடமே இல்லை. மட்டையாளர் ஓடினாரா, வெட்டு. ஓடவில்லையா, வெட்டு கிடையாது. யார் கையில் குச்சி இருந்தாலும் கணக்கு மாறாது.

கிரிக்கெட் வழியாகத்தான் சொல் நமக்குப் பழகியது. வானொலியில் தமிழ் வர்ணனை வந்தபோது, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் ஆட்டத்தைத் தமிழிலேயே கேட்கவைத்தார்கள். ரன்னுக்கு ‘ஓட்டம்’ என்ற சொல் நன்றாகவே வேர்பிடித்தது. ‘ஓட்ட எண்ணிக்கை’ நாளிதழோடு நின்றுவிட்டது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் ஸ்கோரை விடவில்லை.

வீடியோ கேமுக்கு வருவோம். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வெளியானது. அதைப் பார்த்து ஆசிய நாடுகளில் செய்த படிகள் பல பெயர்களில் இந்தியாவுக்கு வந்தன. பெட்டியின் மேல் என்ன பெயர் இருந்தாலும் நம் வீடுகளில் அது ‘டிவி கேம்’. அதில் செருகும் அட்டைக்குப் பெயர் ‘கேசட்’. அமெரிக்கர்கள் சொன்ன ‘கார்ட்ரிட்ஜ்’ இங்கே எடுபடவே இல்லை. பாட்டுக் கேசட்டும் வீடியோ கேசட்டும் இருந்த வீட்டில் பெட்டியில் செருகுவதெல்லாம் கேசட்தானே என்று பிள்ளைகள் வைத்த பெயர் என்று தோன்றும். ஆனால் ஜப்பானிலும் ஃபேமிகாம் அட்டைக்கு ‘கசெட்டோ’ என்றுதான் பெயர். நம் பிள்ளைகளும் பொருளைச் செய்தவர்களும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், செடிக்கும் பழைய மரச்சாமானுக்கும் நடுவே, மின்சாமான்கள் கொட்டிக்கிடக்கும் விரிப்புகளில் இந்தக் கேசட்டுகள் கண்ணில் படுவதுண்டு. மஞ்சள் பிளாஸ்டிக் கூடு. கீழ்விளிம்பில் இரு பக்கமும் முப்பது முப்பதாக அறுபது செம்புப் பற்கள். மேலே பளபளக்கும் ஒட்டுத்தாளில் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள்தான். அவையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். கேமின் மேல் ஒட்டப்பட்ட எண்ணை நம்பக் கூடாது என்ற பாடத்தை விமர்சகர்களுக்கு வெகுமுன்பே இந்த ஒட்டுத்தாள் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அந்த ஆட்டங்களுக்குள் ஓடிய ஸ்கோர் எப்படிப்பட்டது? 1985இல் வந்த சூப்பர் மரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காசு எடுத்தால் 200. கட்டத்தின் முடிவில் கொடிக்கம்பத்தின் உச்சியைத் தொட்டால் 5000. மிச்சமிருக்கும் நேரத்தின் ஒவ்வோர் அலகுக்கும் 50. எல்லாம் பழைய குச்சிக் கணக்குதான். கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கேசட்டில் கணக்கைச் சேமிக்கும் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் ஸ்கோரும் போய்விடும். அமெரிக்க, ஜப்பானிய ஆர்கேடுகளில் 1978இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் முதல், அதிகபட்ச ஸ்கோர் எந்திரத்தில் நின்று அடுத்தவரைச் சவாலுக்கு அழைத்தது. நம் வீடுகளில் அப்படி நிற்க வழியில்லை. அதனால்தானோ என்னவோ, பள்ளியில் மறுநாள் யாரும் “எவ்வளவு ஸ்கோர்?” என்று கேட்கவில்லை. “எத்தனாவது ஸ்டேஜ் போன?” என்றே கேட்டார்கள்.

ஆட்டத்தை எடைபோட அவர்களிடம் எண்ணே இல்லை. ஒரே ஒரு வசைச்சொல் மட்டும் கூர்மையாக இருந்தது: ‘மொக்கை’. முனை மழுங்கியது என்று பொருள். மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில், மொக்கை கேம். சீவினால் எழுதக்கூடிய பொருள்தான், ஆனால் இப்போது எழுதாது என்ற நுட்பமான தீர்ப்பு அதில் இருக்கிறது. பத்துக்கு நான்கு என்ற எண் இவ்வளவு சொல்லாது.

எண் போடும் வழக்கம் நமக்குத் தேர்வுத்தாளிலிருந்து வந்தது. பேச்சில் ‘மார்க்’, எழுத்தில் ‘மதிப்பெண்’, இலங்கைத் தமிழில் ‘புள்ளி’. மார்க் என்பதன் பழைய பொருள் எல்லை, எல்லைக்குறி. அதுவும் ஸ்கோரைப் போல நிலத்திலும் மரத்திலும் இட்ட அடையாளமே. புள்ளியின் வரலாறு நீண்டது. தொல்காப்பியத்தில் மெய்யெழுத்தின் அடையாளம் அது. பிறகு கணக்கு, உத்தேசம் என்று விரிந்து புள்ளிவிவரம் வரை வந்தது. ஊரில் செல்வாக்கானவரைப் ‘பெரிய புள்ளி’ என்கிறோம்.

மதிப்பெண்தான் என்னை அதிகம் ஈர்க்கும் சொல். மதித்தல் என்றால் அளவிடுவது, மரியாதை செய்வது இரண்டும். எண்ணுதல் என்றால் கணக்கிடுவது, சிந்திப்பது இரண்டும். இரு பாதியிலும் மனித மனம் உட்கார்ந்திருக்கும் சொல் அது. குச்சியில் வெட்டிய ஸ்கோருக்கு அதை மொழிபெயர்ப்பாக வைத்தால் பொருந்தவே பொருந்தாது. மதிப்பின் கிளைச்சொற்கள் இன்னும் வெளிப்படையானவை. அளவுகோல் இல்லாமல் பார்த்த மாத்திரத்தில் சொல்வது ‘கண்மதிப்பு’. ஏறக்குறைய இவ்வளவு என்பது ‘குத்துமதிப்பு’. நூலைப் பற்றி எழுதினால் ‘மதிப்புரை’. இவை எதுவும் தன்னைத் துல்லியம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒருவருடைய கண் அங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே பேசுகின்றன.

தமிழில் கலைக்கு மார்க் போட்டதில் புகழ்பெற்றது ஆனந்த விகடன். அதன் விமர்சனக் குழு திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போட்டது. 1977இல் வந்த ‘16 வயதினிலே’ பெற்ற 62.5தான் அதன் உச்சம் என்று சினிமா ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டினாலே நல்ல படம் என்பது வாசகருக்குத் தெரியும். இந்த எண்ணைக் கொண்டுபோய் 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிட்டிக் தளத்தின் கேம் அட்டவணையில் வையுங்கள். பல விமர்சகர்களின் எண்களை நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுப்பது அதன் வேலை. அங்கே 75ஐத் தொட்டால்தான் பச்சை. 62.5 மஞ்சள் கட்டத்தில், ‘கலவையான வரவேற்பு’ என்ற பட்டியலில் விழும். பாரதிராஜாவின் படம் அங்கே சுமார் ரகம்! எண் மாறவில்லை, அதைப் போட்ட வீட்டின் வழக்கம் தெரியாமல் எடுத்துச் சென்றதுதான் தவறு. ஆனால் இந்தச் சராசரியை வைத்துச் சம்பளமே தீர்மானமாகியிருக்கிறது. 2010இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் கேமுக்கு 85 கிடைத்திருந்தால் அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை உண்டு. கிடைத்தது 84. தொகை இல்லை.

ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் இதைவிட நேர்மையான வழியைப் பிடித்தது என்பேன். நான்கு பேர் தனித்தனியே பத்துக்கு எண் போடுவார்கள். நான்கையும் அச்சிட்டுவிட்டுத்தான் நாற்பதுக்கு மொத்தம் சொல்வார்கள். முழு 40ஐ முதலில் பெற்றது 1998இன் ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’. ஒருவர் 9, இன்னொருவர் 6 என்று போட்டால் அந்தப் பிளவு வாசகர் கண்ணுக்குத் தெரியும். யூரோகேமர் விமர்சனத் தளம் 2015இல் எண்ணையே கைவிட்டது. 2023இல் ஐந்து நட்சத்திரங்களோடு திரும்பி வந்தது.

ரெட்ரோ கேமில்தான் இந்த எண் அதிகம் தடுமாறுகிறது. பழைய ஃபேமிகாமில் ஒரு கிடைவரியில் எட்டு உருத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் எதையாவது மறைக்க வேண்டும். மாற்றி மாற்றி மறைப்பதால் எதிரிகள் மினுக்குவார்கள். அன்று அது எந்திரத்தின் குறை. 2008இல் வெளியான மெகா மேன் 9 அந்த மினுக்கலை வேண்டுமென்றே மீண்டும் கொண்டுவரும் வசதியோடு வந்தது. 2014இல் வந்த ஷவல் நைட் வேறு முடிவெடுத்தது. பழைய சாயலை வைத்துக்கொண்டு மினுக்கலை நீக்கியது, திரையை அகலமாக்கியது, நிறங்கள் சிலவற்றைக் கூட்டியது, ‘மூன்று லைஃப்’ கணக்கை விட்டுவிட்டுச் செத்தால் பொன்னை இழக்கும் முறையை வைத்தது. மினுக்கலுக்கு மதிப்பெண் குறைப்பதா, கூட்டுவதா?

இன்று வெண்பா எழுதும் ஒருவரை எப்படி எடைபோடுவோம் என்று யோசித்தால் எனக்கு விடை கிடைக்கிறது. ஈற்றடியில் மூன்று சீர், மற்ற அடிகளில் நான்கு, இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்று. தளை தட்டினால் அது வெண்பா அல்ல. தளை தட்டாததால் மட்டும் அது கவிதையும் அல்ல. யாப்பை அவரே தேர்ந்துகொண்டார் என்பதால், அந்த யாப்பு எதைச் சொல்ல அவருக்கு இடம் கொடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எட்டு உருத்துண்டு விதி எந்திரம் விதித்த யாப்பு. அதை மீறினாரா, காத்தாரா என்பது கேள்வி அல்ல. எதற்காக என்பதே கேள்வி. இதைச் சொல்ல விமர்சகருக்கு யாப்பும் தெரிய வேண்டும், இன்றைய காதும் வேண்டும். இளமையில் கேசட்டை ஊதிப் போட்டு ஆடியவர் ஏக்கத்தில் இரண்டு மார்க் கூட்டிவிடுவார். அதை அறியாதவர் கடினத்தைக் கண்டு இரண்டு குறைத்துவிடுவார். சராசரியில் இருவரும் காணாமல் போகிறார்கள்.

வெண்பா என்ற பெயரிலேயே ஒரு கேம் இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடா சென்ற தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். பாவும் அதைப் பாடுபவரும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். எழுத்து அழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும், பின்னணியில் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் பாட்டு. படமுறை பழையதல்ல, நினைவு பழையது. இதைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டியது இது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதை. குறைவான அடிகளில் முடிப்பதற்குப் பேர்போன ஒரு பாவின் பெயரைத் தாங்கிய படைப்பு அது. 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது அதற்குக் கிடைத்தது.

விமர்சனம் என்ற வடசொல்லின் அடியில் ‘ம்ருஷ்’ என்ற வினை இருக்கிறது. தொடுதல், தடவிப் பார்த்தல் என்று பொருள். திறனாய்வில் உள்ள ஆய்தல், கீரை ஆய்கிறோமே, அதே ஆய்தல்தான். விரலால் ஆடும் கலைக்கு இந்த இரண்டு சொற்களையும்விடப் பொருத்தமான பெயர் எங்கும் கிடைக்காது.

தமிழில் வீடியோ கேம் விமர்சனம் செய்யும் இளைஞர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெட்ரோ கேமுக்கு எண் போடுங்கள், தவறில்லை. அதற்குமுன் நீங்கள் கேசட் காலத்தில் ஆடியவரா இல்லையா, பத்துக்கு ஆறு என்றால் உங்கள் கணக்கில் நல்லதா சுமாரா என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். வாசகர் மீதியைத் தானே கணக்கிட்டுக்கொள்வார்.