பிரேக் இல்லாத சைக்கிளும் கோரிமேட்டு இறக்கமும்



போன ஞாயிற்றுக்கிழமை லியோனிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் போனில் பேசினான். அங்கே படிக்கிறான், வயது இருபத்தொன்று. புதிதாக ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறானாம். "தாத்தா, இதில பிரேக்கே கிடையாது. பிஞ்ஞோன் ஃபிக்ஸ். இப்படி ஓட்டினாத்தான் சுகமே" என்றான். குருவா-ரூஸ் குன்றிலிருந்து ஊருக்குள் தினமும் அதில்தான் இறங்குகிறான். லியோன் போனவர்களுக்குத் தெரியும், அது நம் ஊர் போலச் சமதரை இல்லை. "எப்படிப்பா நிறுத்துவே?" என்று கேட்டேன். "காலாலதான்" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அவன் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், நாலைந்து நாள் வீட்டில் இருந்த பழைய பிரெஞ்சுப் புத்தகங்களையும் பத்திரிகைக் கட்டுகளையும் புரட்டினேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை? பிரேக் இல்லாமல் சக்கரத்தின் மேல் போவது உண்மையிலேயே அதிக சுகமா என்பது மனிதர்கள் இருநூற்றைம்பது வருஷமாகக் கேட்டுவரும் கேள்வி என்று தெரிந்தது.

முதலில் ஒரு வேடிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் ழான்-ழோசேஃப் மெர்லேன் என்று ஒருவர். இன்றைய பெல்ஜியத்தில் 1735-இல் பிறந்து, லண்டனில் கடிகாரமும் இசைக்கருவிகளும் செய்து பேர் வாங்கியவர். காலில் மாட்டிக்கொள்ளும் சக்கரச் சப்பாத்தைச் செய்தவரும் அவர்தான். சோஹோவில் நடந்த ஒரு மாறுவேட விருந்துக்குள் அதை மாட்டிக்கொண்டு, வயலினும் வாசித்துக்கொண்டே நுழைந்தாராம். நிற்கவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. 500 பவுனுக்கு மேல் விலையுள்ள நிலைக்கண்ணாடியில் போய் மோதினார். கண்ணாடி தூள், வயலின் தூள், அவருக்கும் பலத்த அடி என்று பின்னால் எழுதிவைத்திருக்கிறார்கள். கண்ணாடியின் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

சைக்கிளின் கதை வேறு. அதற்குப் பிரேக் பின்னால் வந்த சேர்க்கை என்றே நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1817 ஜூன் 12-ஆம் தேதி ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தில் கார்ல் ஃபொன் த்ரேஸ் என்பவர் காலால் தரையை உந்திப் போகும் இரண்டு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். பெடல் இல்லை, செயின் இல்லை, மரச்சக்கரம். ஆனால் பின் சக்கரத்துக்குக் கயிறு இழுத்துப் பிடிக்கும் பிரேக் ஒன்று அவர் அமைப்பிலேயே இருந்தது! பிரெஞ்சுக்காரர்கள் அந்த வண்டியை அவர் பேராலேயே த்ரேஸியென் என்றார்கள். பிறகு 1860-களில் பாரீசில் மிஷோ பட்டறையிலிருந்து முன் சக்கரத்தில் பெடல் வைத்த வேலோசிபேத் வந்தது. அதிலும் கைப்பிடியை முறுக்கினால் கயிறு இறுகி, பின் சக்கரத்தில் ஒரு கட்டை போய் அழுத்தும். ஆக, ஓட்டத் தெரிந்தபோதே நிறுத்தவும் யோசித்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் வந்த கிரான்-பி வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஆள் உயரச் சக்கரம், பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். அதில் உட்காருபவன் ஏறக்குறைய முன் சக்கரத்தின் தலைக்கு மேல் இருப்பான். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நிற்கும், ஆள் நிற்கமாட்டான், தலைகுப்புற முன்னால் போவான். அதனால் பந்தயக்காரர்கள் பிரேக்கையே கழற்றிவிட்டார்கள். இறக்கத்தில் இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேல் போட்டுக்கொண்டு போவார்கள். விழுந்தாலும் காலால் விழலாமே என்ற கணக்கு! பிரேக் இல்லாததே பத்திரம் என்று சொல்லக்கூடிய வண்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின் சக்கரத்துக்குச் செயின் போட்டார். 1888-இல் டன்லப்பின் காற்று டயர் வந்தது. நாம் ஓட்டிய சைக்கிள் இதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். அதைத்தான் நான் இத்தனை வயதில் சரியாகப் புரிந்துகொண்டேன்.

அந்தக் காலச் சைக்கிளில் பின் பல்சக்கரம் ஹப்போடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு போக முடியாது. இதுதான் பேரன் சொன்ன பிஞ்ஞோன் ஃபிக்ஸ். இதில் பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி வேகம் குறையும். அதாவது ஓட்டுகிறவனின் காலே பிரேக். 1898-ஐ ஒட்டித்தான் ஃப்ரீவீல் கடைக்கு வந்தது. அதிலிருந்துதான் இறக்கத்தில் காலை ஆட்டாமல் 'கிர்ர்' என்ற சத்தத்தோடு இறங்கும் அந்த சுகம் மனிதனுக்குக் கிடைத்தது. ஆனால் ஃப்ரீவீல் வந்ததும் காலுக்கு இருந்த பிடி போய்விட்டது. எனவே கைப்பிரேக் கட்டாயமானது. 1896-இல் காப்புரிமை பெற்ற பௌடன் கம்பி பிறகு பிரேக்குக்கும் பயன்பட்டது. நம் ஊர்ச் சைக்கிள்களில் இரும்புத் தண்டு பிரேக்தான் நெடுநாள் இருந்தது, அது வேறு விஷயம்.

இந்த மாற்றத்தை எல்லோரும் வரவேற்கவில்லை. தூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ழ் அதில் முக்கியமானவர். அவரும் நம்மைப் போல ஒரு குமாஸ்தா என்பதால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு! வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தவர், கெண்டைக்கால் தெரிய சைக்கிள் ஓட்டினார் என்று வேலை போனதாகச் சொல்வார்கள். 1893 மே 11-ஆம் தேதி பாரீசின் புஃபலோ வெலோத்ரோமில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி, முதல் ஒரு மணி நேரச் சாதனையைப் பதித்தவர் இவர்தான். கியர் மாற்றும் கருவியெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, வாலிபனுக்குத் தன் தசையும் பிஞ்ஞோன் ஃபிக்ஸும் போதும் என்று 1902-இல் எழுதினார். சொன்னதோடு நிற்கவில்லை. 1936-இல் உடல்நலம் கெட்டுப் பொறுப்பை விடும்வரை தன் பந்தய வீரர்களை அந்தக் கருவியைத் தொடவிடவில்லை. 1937-இல்தான் அது அனுமதிக்கப்பட்டது. பைரனீஸ் மலை ஏறுகிறவனுக்கும் அதே சட்டம்! பிடிவாதக்காரர் என்றாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. காலும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும்போது வண்டி உடம்பின் ஓர் உறுப்பு போல ஆகிவிடும் என்று ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். என் பேரனும் அதைத்தான் சொன்னான்.

வெலோத்ரோம் பந்தயத்தில் இன்றுவரை பிரேக் கிடையாது. உலக அமைப்பின் விதியே அப்படி. 2022-இல் இத்தாலியர் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டியதும் பிரேக் இல்லாத வண்டியில்தான். வீரத்தைக் காட்டுவதற்காக வைத்த விதி அல்ல இது. சாய்வான மரப்பலகைப் பாதையில் ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் அவன் மேல் விழுவார்கள். ஒருவனிடமும் பிரேக் இல்லையென்றால் ஒருவனாலும் திடீரென்று நிற்க முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பாதையின் மேட்டுப் பக்கம் ஏறுவான், தானாகக் குறையும். குறுக்கே நடப்பவர் இல்லை, எதிரே வருபவர் இல்லை, எல்லோரும் ஒரே திசை, எல்லோரும் தெரிந்தே வந்தவர்கள்.

இந்தப் பந்தயத்தைப் பற்றி நான் முதன்முதலில் கேட்டது எங்கள் தெரு சொல்தா தாத்தா வாயால். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நாம் சொல்தா என்றுதானே சொல்வோம். அவர் 1930-களில் பாரீசில் இருந்தவர். ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த வெல் தீவில் ஆறு நாள் பந்தயம் பார்த்ததைத் திண்ணையில் உட்கார்ந்து சாயங்காலம் சாயங்காலம் சொல்வார். "பிரேக்கே கிடையாதுடா! காத்து மாதிரி போவானுங்க" என்பார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற திமிர் வேறு.

1964-இல் ஒரு லீவு நாள். மாமாவின் பழைய சைக்கிளை நானும் என் சேக்காளியும் எடுத்துக்கொண்டு போய், நான்கு பிரேக் கட்டைகளையும் ஸ்பானர் போட்டுக் கழற்றினோம். வெல் தீவ் பந்தய வண்டி தயார். கோரிமேடு வரை தள்ளிக்கொண்டு போனோம். அந்த நாளில் அந்த ரோட்டில் மாட்டுவண்டிதான் அதிகம். அவன் கேரியரில், நான் சீட்டில். பார் மேல் கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்ட காலம் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இறக்கத்தில் விட்டோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அரை நிமிஷத்தைப் போன்ற ஒரு சுகத்தை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. சட்டை பின்னால் பறக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, சேக்காளி கத்துகிறான், நானும் கத்துகிறேன்.

புளியமரத்து நிழலிலிருந்து தயிர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா ரோட்டைக் கடந்தார்கள். நான் பெடலைப் பின்னால் மிதித்தேன். அது சும்மா சுற்றியது. பாரீஸ் வண்டிக்கும் மாமா வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவர்களிடம் பிரேக் இல்லை, ஆனால் கால் இருந்தது. ஃப்ரீவீல் சைக்கிளில் கட்டையைக் கழற்றிய என்னிடம் ஒன்றுமே இல்லை. சொல்தா தாத்தா அதைச் சொல்லவில்லையா, சொல்லியும் நான் கேட்கவில்லையா என்று இன்றும் தெரியாது.

எங்கள் இருவருக்கும் முழங்கால் தேய்ந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு போட்டார்கள். கை கோணலாகத்தான் கூடியது. அப்பா 40 ரூபாய் கொடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கவைத்தார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "சின்னப் புள்ளைதானே, விடுங்க சாமி" என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குத் தயிர் கொண்டுவந்தது அவர்கள் மகள். என் வயதுதான் இருக்கும். அதுவரை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். தெருவில் அவள் குரல் கேட்டால் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். அப்படி ஒளிந்தது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம்.

இப்போது பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் கால் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகத்தைக் குறைக்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகும், பின் சக்கரம் லேசாகிவிடும். காலால் பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். எனவே முன் பிரேக் நிறுத்துகிற தூரத்தில் கால் ஒருநாளும் நிறுத்தாது. 2016-இல் லண்டனில் 18 வயதுப் பையன் ஒருவன், முன் பிரேக் இல்லாத இதே மாதிரி பந்தய வண்டியைத் தெருவில் ஓட்டி, ரோட்டைக் கடந்த ஒரு பெண்மேல் மோதினான். அந்த அம்மா இறந்துபோனார்கள், இரண்டு குழந்தைகளின் தாய். மறு வருஷம் அவனுக்கு 18 மாதம் தண்டனை விதித்தார்கள். அதற்கு அவர்கள் தேடி எடுத்த சட்டம் குதிரை வண்டிக் காலத்தது, 1861-ஆம் வருஷத்தது. பிரான்சில் அந்தச் சிக்கலே இல்லை. சைக்கிள் என்றால் வேலை செய்கிற இரண்டு பிரேக் இருக்க வேண்டும் என்று போக்குவரத்துச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முப்பது வருஷம் சட்டப்பிரிவு எண் போட்டு நோட் எழுதியவன் நான், அதைப் பேரனுக்கு அனுப்புவது பெரிய காரியமில்லை. ஆனால் அவனுக்கு அந்தச் சட்டம் தெரியும், தெரிந்துதான் ஓட்டுகிறான்.

வெலோத்ரோமில் ஓட்டட்டும். லியோனிலேயே தெத் தோர் பூங்காவில் பழைய வெலோத்ரோம் ஒன்று இருக்கிறது. அங்கே அவனுக்கு எதிரே யாரும் தயிர்ப்பானையோடு வரமாட்டார்கள்.

நாளை மறுபடி ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடுவான். தயிர்க்கார அம்மாவின் விஷயத்தை நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், மகளிடம்கூடச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன், ஆனால் பேரனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. இன்று ராத்திரி உட்கார்ந்து பிரெஞ்சில் ஒரு தடவை எழுத வேண்டும். தயிர்ப்பானைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.