ஊழிக்குப் பின்னும் ஓடும் படங்கள்: சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பார்வை

உலகம் அழிந்துவிட்டது, எஞ்சியவர்கள் சிலர், அவர்களுக்குள் நீருக்கோ எரிபொருளுக்கோ அடிதடி. இந்த ஒரே கதையை அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். நாமும் சலிக்காமல் பார்க்கிறோம். பெருநகரத்து இரசிகர்கள் மட்டுமல்லர், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் தமிழ்க்குரல் பூட்டிய ஆங்கிலப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களும் இதில் அடக்கம். தமிழ் முதுகலை வகுப்பில் புறத்திணை நடத்தும்போது எடுத்துக்காட்டுக்காக ஒருமுறை 'மேட் மேக்ஸ்' பெயரைச் சொல்லிவைத்தோம். அதுவரை தூங்கிவழிந்த கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. இக்கட்டுரை அன்று தொடங்கியது.

முதலில் அப்படங்களின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அணுகுண்டு அச்சம் பிடித்தாட்டிய காலத்தில், 1968-இல் வந்தது 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்'. மணலில் பாதி புதைந்து கிடக்கும் சுதந்திரதேவி சிலையோடு அது முடிவது பலருக்கும் நினைவிருக்கும். பிறகு 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோலுக்காக மக்கள் முட்டிமோதியதைக் கண்ட காலம் அது. மருத்துவமனை அவசரப் பிரிவில் சாலை விபத்துகளின் கோரத்தைப் பார்த்திருந்த மருத்துவர் ஜார்ஜ் மில்லர் 1979-இல் 'மேட் மேக்ஸ்' எடுத்தார். அதன் இரண்டாம் பாகம் 1981-இல் வந்தது. பின்னால் வந்த இவ்வகைப் படங்களுக்கெல்லாம் அதுவே இலக்கணநூல் என்று சொல்லிவிடலாம். தோலாடை, ஒட்டுப்போட்ட வாகனங்கள், முற்றுகையிடப்பட்ட எண்ணெய்க் கிணறு, பாலைவழியே ஒரு லாரித் துரத்தல். எல்லோரும் உயிரைக் கொடுத்துக் காத்த அந்த லாரிக்குள் கடைசியில் இருப்பது வெறும் மணல்! 2015-இல் வந்த 'ஃபியூரி ரோட்'டில் எண்ணெயின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. 2024-இல் தெலுங்கிலும் தமிழ்க்குரலிலும் வந்த 'கல்கி 2898 ஏடி'யில் கங்கை வற்றிவிட்டது. காசிதான் பூமியின் கடைசி நகரம். வளமெல்லாம் வானத்தில் தொங்கும் ஒரு கூர்நுதிக் கோட்டைக்குள் பதுக்கப்பட்டிருக்கிறது.

இப்படங்களின் ஈர்ப்புக்கு மேலைநாட்டார் பல காரணங்கள் சொல்கிறார்கள். போர் அச்சம், நுகர்வின் மீதான குற்றவுணர்வு, சட்டமற்ற வெளியில் கிடைக்கும் விடுதலை. இவை பொய்யல்ல. ஆனால் தமிழ் படித்தவனுக்கு இவ்வளவு சுற்றிவர வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். பாலை என்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு நல்லியல்பு இழந்தால் எய்தும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் கூறுகிறது. ஊழிக்குப் பிந்தைய படம் என்பது இதுதான். அது புதிய உலகம் அன்று. நேற்றுவரை நம் வயலாக இருந்தது திரிந்து நிற்கும் நிலை. அங்கே நடப்பவையும் பாலைக்குரியனவே. வழிச்செலவு, ஆறலைகள்வர், சூறையாடல், நீர்வேட்கை. நாயகன் எப்போதும் வழியில் இருக்கிறான். வீடு அவனுக்கு வாய்ப்பதில்லை. மில்லர் நம் உரையாசிரியர்களைப் படித்திருக்க வாய்ப்பில்லைதான்!

புறத்துக்கு வந்தால் ஒற்றுமை இன்னும் நெருங்கும். சற்றுச் சங்கடமாகவும் ஆகும். பகைவர் நாட்டை எரியூட்டுவதை 'எரிபரந்தெடுத்தல்' என்று தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. வென்ற ஊரைக் கழுதை பூட்டி உழுது, வெள்வரகும் கொள்ளும் விதைத்ததைப் புறநானூறு புகழ்ச்சியாகவே பாடுகிறது. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் 'காடு பாடியது' என்ற பகுதியை இன்றைய கண்ணோடு படித்துப் பாருங்கள். வெந்து கருகிய மரங்கள், நீரற்ற வெளி, பசித்த பேய்கள். பின்னால் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு அப்பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. எந்தப் படப்பிடிப்பு நிலையத்திலும் இதற்கு நிகராக ஒன்றை அமைத்துவிட முடியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பரணி, உலகை அழித்தவனுடைய அவையில் நின்று பாடப்பட்டது. அழிந்தவன் கலிங்கன், அவன் பக்கத்துப் பாட்டு நம்மிடம் இல்லை.

பாட்டைச் சற்று நிறுத்திவிட்டுக் கல்லுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனியானது. அதில் உளுந்தூர்ப்பேட்டையை அடுத்து, கெடிலக்கரையில் சேந்தமங்கலம் என்றோர் ஊர் உள்ளது. ஆபத்சகாயேசுவரர் கோயிலும் அதைச் சூழ்ந்த மதிலும் உண்டு. தட்டினால் ஓசை எழுப்பும் கற்குதிரைகளைக் காணச் சிலர் வருகிறார்கள். தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாமும் முதல்முறை அப்படித்தான் செய்தோம். சோழப் பேரரசின் ஊழிக்காலம் இம்மண்ணில் நடந்தது என்பது கல்வெட்டுகளைத் தேடிப் படித்த பின்னரே நமக்கு உறைத்தது.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் இராசராசன் பெயரளவில் பேரரசன். பாண்டியர் தெற்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தனர். சேந்தமங்கலத்துக் காடவராயர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் சோழனை வென்று, அமைச்சரோடு சேர்த்துச் சிறைப்பிடித்தான். இதை அவன் தரப்பில் நின்று சொல்வது வயலூர்க் கல்வெட்டு. (நான்கு நூற்றாண்டுக்கு முன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வென்று புகழ்கொண்டதும் இதே தெள்ளாறு. காடவர் தம்மைப் பல்லவ வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள். களத்தை வேண்டுமென்றே தேர்ந்திருப்பானோ என்று நமக்கொரு சந்தேகம், சான்று கேட்காதீர்கள்.) எதிர்த்தரப்பின் கதையைக் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு சொல்கிறது. இராசராசனின் 16-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1231-32 அளவில் பொறிக்கப்பட்டது.

அக்கல்வெட்டைத் திரைக்கதை என்று சொன்னால் மிகையாகாது. சோழன் சேந்தமங்கலத்தில் சிறையிருக்கும் செய்தி போசள மன்னன் வீரநரசிம்மனுக்கு எட்டுகிறது. சோழ அரசை நிலைநிறுத்தியவன் என்னும் தன் பட்டத்தை மெய்ப்பித்தாலன்றி எக்காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். வழியில் மகர நாட்டை நிர்மூலமாக்குகிறான். இந்த மகர நாடு, ஆறகழூரைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலையின் தெற்கே விரிந்திருந்த மகதை மண்டலமே என்பது அறிஞர் பலரின் கருத்து. பிறகு அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்ற தன் தண்டநாயகர் இருவரை ஏவுகிறான். அவர்கள் ஊர்களை அழிக்கிறார்கள், தலைவர்களைக் கொல்கிறார்கள், அக்கொலைப் பட்டியலில் ஈழத்துப் பராக்கிரமபாகு என்றொருவன் பெயரும் இருக்கிறது. இடையில் தில்லைக்குப் போய்ப் பொன்னம்பலத்தை வணங்குகிறார்கள். வணங்கிவிட்டு மறுபடி அழிக்கக் கிளம்புகிறார்கள். காடுகளை வெட்டுவிக்கிறார்கள், சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடற்கரைவரை ஊர்களைச் சுட்டழிக்கிறார்கள், பெண்டிரைப் பிடித்துக் கொள்ளைகொள்கிறார்கள். இறுதியில் கோட்டையை நெருங்கியதும் கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவிக்கிறான். அவனை அழைத்துக்கொண்டுபோய் அவன் நாட்டில் புகவிடுகிறார்கள். படம் முடிந்தது.

பெண்டிரைப் பிடித்ததைக் கல்லில் வெட்டியவர்கள் அதைக் குற்ற ஒப்புதலாக வெட்டவில்லை, சாதனையாக வெட்டினார்கள். அரசன் மீட்கப்பட்டான் என்று முடியும் கதையில், எரிந்த ஊர்க்காரன் மறுநாள் காலை என்ன செய்தான் என்ற வரி கிடையாது. ஊழிக்குப் பிந்தைய திரைப்படம் அந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. வேறு எதிலும் கிட்டாத ஏதோ ஒன்று அதில் நமக்குக் கிட்டுகிறதென்றால், அது இதுவாக இருக்கலாம்.

இனி செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. 2010 பொங்கலுக்கு வந்தபோது இதை வரலாற்றுக் கற்பனைப் படம் என்றார்கள், சாகசப் படம் என்றார்கள், பாதிக்கு மேல் புரியவில்லை என்றும் சொன்னார்கள். தமிழில் வந்த அசலான ஊழிக்குப் பிந்தைய படம் இதுதான் என்பது நம் துணிபு. 'மிருதன்' (2016) போன்றவை நேரடியாக அந்த வகையைத் தொட்டவை என்றாலும், வெளியிலிருந்து வாங்கிவந்த சட்டையைப் போட்டுக்கொண்டவை. செல்வராகவன் நம் வீட்டு ஊழியைக் கதையாக்கினார். 1279-இல் பாண்டியருக்குத் தோற்ற சோழர் தம் இளவரசனைக் காப்பாற்றித் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்; அவன் வழிவந்தோர் எழுநூறாண்டுகளாகக் குகைநகரில் பசியும் பிணியுமாகத் தூதனை எதிர்பார்த்துக் கிடக்கிறார்கள். 1279 இயக்குநர் தோராயமாகப் போட்ட ஆண்டன்று. மூன்றாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டுகள் அவ்வாண்டோடு நின்றுபோகின்றன. இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளும் ஏறத்தாழ அப்போதே நிற்கின்றன. சிறைவைத்த குலமும் சிறைப்பட்ட குலமும் ஒருசேர இருளில் மறைந்தன.

பார்த்திபன் ஏற்ற அந்தச் சோழ மன்னன், வெற்றியை எதிர்பார்த்து ஏமாந்து, தன் பெண்டிர் இழிவுறுவதைக் கண்டு மாய்கிறான். 2009 மே முடிந்து எட்டு மாதங்களில் வந்த படம். அக்காட்சிகளில் முள்ளிவாய்க்காலைக் காணாதவர் அரிது. 2020 இறுதியில் மறுபடி திரையிட்டபோது, முதலில் வந்தபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இது கலைப்படைப்பாகக் குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. முதற்பாதியின் கேளிக்கை இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இப்படியெல்லாம் நாம் வகுப்பில் உற்சாகமாகப் பேசி முடித்த அன்று, வெள்ளிமலைப் பக்கத்து மாணவர் ஒருவர் வெளியே காத்திருந்தார். "ஐயா, அந்தப் படம் எனக்குப் பிடிக்கல" என்றார். ஏன் தம்பி என்றோம். "அழிஞ்சுபோனவங்கன்னா கறுப்பா, அழுக்கா, பசியில ஆடிக்கிட்டு இருப்பாங்கன்னு காட்டுறாங்க. கீழேயிருந்து மலைக்கு வர்றவங்க எங்களையும் அப்படித்தான் பாக்குறாங்க. போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க." நம்மிடம் விடை இல்லை. அருவி பார்க்கச் சென்றபோது நாமும் படமெடுத்தவர்கள்தாம்.

கல்வராயன் மலையாளிகள் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பர் (கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்வோர் என்று பொருள் கொள்வர்). உடன்பிறந்தார் மூவர் காஞ்சியைவிட்டு நீங்கி, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என ஆளுக்கொரு மலை ஏறியதாக ஒரு கதையைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலிலும் காணலாம். ஏன் நீங்கினார்கள் என்பதற்குப் படையெடுப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ இல்லையோ, அது ஊழிக்குப் பிந்தைய கதை. நகரம் போயிற்று, மலை மிஞ்சியது. கீழே கோட்டை கட்டிய காடவனும் காஞ்சிப் பல்லவரின் வழியென்று உரிமை கொண்டாடியவன். ஒரே காஞ்சியின் நினைவை ஒருவர் கல்வெட்டாக்கினார். மற்றவர் தினையோடும் சாமையோடும் சேர்த்து வாய்மொழியாகக் காத்தார்.

பின்னாளில் இம்மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது வழக்கு. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 1976 ஜூனில்தான் ஜாகிர் ஆட்சி முடிந்து மலை முழுமையாக அரசின்கீழ் வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகே கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம், எந்தப் படத்திலும் நாயகன் தேடிப் போகாதவை.

'மேட் மேக்ஸ்' இரண்டாம் பாகத்தின் கதையைச் சொல்வது யார் என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். படத்தில் பேச்சறியாமல் உறுமிக்கொண்டு, எறிபடையோடு திரியும் காட்டுச் சிறுவன் ஒருவன் வருவான். அவனே வளர்ந்து, தன் கூட்டத்துக்குத் தலைவனாகி, முதுமையில் நினைவுகூரும் குரலில்தான் படம் தொடங்கி முடிகிறது. யாரைக் காட்டுமிராண்டி என்று நாம் பார்த்துச் சிரித்தோமோ, அவன் சொல்லித்தான் மற்றவர் கதை நமக்குத் தெரிகிறது.

இதைச் சொன்னதும் அந்த மாணவர் முகத்தில் முதன்முறையாகச் சிறு சிரிப்பு வந்தது. அவருடைய பாட்டிக்குக் காஞ்சிக் கதை நீளமாகத் தெரியுமாம். நாய்களும் வேட்டையும் வரும் கதையாம். இந்தப் பருவத் தேர்வு முடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக மேலே போகலாம் என்று பேசியிருக்கிறோம். ஒலிப்பதிவுக் கருவி எடுத்துச் செல்வதா என்று கேட்டோம். பாட்டியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.