சிவகங்கை வழக்கு: பங்காளி உரிமையும் மகள் உரிமையும்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஒரே கூரையின்கீழ் ஒன்றாய் உண்டு உறங்கி வாழும் குடும்பத்திலும், ஒருவன் தனியே பெற்ற பொருள் எவருக்கு உரியது என்னும் வினா எழவே செய்யும். அவன் உயிரோடு இருக்கும்வரை அவ்வினா உறங்கிக் கிடக்கும்; அவன் கண்மூடியதும் விழித்துக்கொள்ளும். சிவகங்கை அரண்மனையில் 1829ஆம் ஆண்டில் எழுந்த அவ்வினா, 34 ஆண்டுகள் கழிந்து, 1863ஆம் ஆண்டில் லண்டன் பிரிவி கவுன்சிலில் விடை பெற்றது. இந்துச் சட்டம் பயில்வோர் இன்றும் அத்தீர்ப்பைக் கற்கின்றனர்.

ஜமீன் பிறந்த வரலாறு

சிவகங்கைச் சீமையின் முதல் மன்னர் சசிவர்ணத் தேவர். அவர் மகன் முத்து வடுகநாதர் 1772இல் காளையார்கோவிற் போரில் வீழ்ந்தார். அவர்தம் மனைவி வேலு நாச்சியார் 1780இல் சீமையை மீட்டு அரசு புரிந்தார். பின்னர்க் கம்பெனியாரை எதிர்த்து நின்ற மருது சகோதரர்கள் 1801ஆம் ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

அதே ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தார் ஆக்கினர். அவருக்கு ஓய்யாத் தேவர் என்னும் தமையனார் இருந்தார். தமையனார் இருக்கவும், ஜமீன் தம்பியின் பெயருக்கே அளிக்கப்பட்டது. பின்னாளில் மூண்ட பிணக்கிற்கெல்லாம் வித்து இதுவே.

இரு தரப்பின் நியாயம்

ஓய்யாத் தேவர் தம்பிக்கு முன்னரே மறைந்தார். கௌரி வல்லபர் 1829ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காலமானார். அவருக்கு மனைவியர் பலர், பெண்மக்களும் உண்டு, ஆண்மகவு இல்லை. ஓய்யாத் தேவரின் மகன் முத்து வடுகர் ஜமீனைக் கைக்கொண்டார். கௌரி வல்லபரின் கைம்பெண்களுள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். அவருக்குப்பின் மகள் கட்டம நாச்சியார் அவ்வழக்கைத் தொடர்ந்தார்.

பிற சொத்தாயின் ஆளுக்குப் பாதியெனப் பிரித்துப் பிணக்கைத் தீர்த்திருக்கலாம். ஜமீனோ பங்கிட இயலாதது. ஒரு காலத்தில் ஒருவரே ஆளத்தக்கது. ஆகவே வென்றவர்க்கு முழுதும், தோற்றவர்க்கு ஜீவனாம்சமுமே என்னும் நிலை ஏற்பட்டது.

அண்ணன் மக்கள் கூறியது இது: "உடன்பிறந்தார் இருவரும் பாகம் பிரியாமல் வாழ்ந்தவர்கள். பிரியாக் குடும்பத்தில் ஒருவர் இறப்பின், எஞ்சிய ஆண் பங்காளிக்கே சொத்து சேரும்." நாச்சியார் தரப்பினர் கூறியதோ இது: "குடும்பம் பிரிந்ததாயினும் பிரியாததாயினும், ஜமீன் கௌரி வல்லபருக்கே கிடைத்தது. மூதாதையர் தேடிவைத்ததும் அன்று. அண்ணன் ஈட்டியதும் அன்று." இரு தரப்பாரும் நியாயம் தம் பக்கமே என நம்பினர். பேராசை ஒன்றே இதற்குக் காரணம் என்று தள்ளிவிடுதல் தகாது. கூடி வாழ்ந்த உறவை ஒரு தரப்பு அளவுகோலாகக் கொண்டது. பொருள் வந்த வழியை மறுதரப்பு அளவுகோலாகக் கொண்டது.

தீர்ப்பின் நுட்பம்

தென்னாட்டில் வழங்கிய மிதாட்சரம் என்னும் நூல், விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரையாகும். அதன்வழி வந்த சட்டத்தில் பிதுரார்ஜிதம், சுயார்ஜிதம் எனச் சொத்து இருவகைப்படும். முன்னோர் வழி வந்தது பிதுரார்ஜிதம். தானே பெற்றது சுயார்ஜிதம். குடும்பம் முற்றும் பிரிந்திருப்பின், மகனில்லாதவன் சொத்து மனைவிக்கும் பின் மகளுக்கும் செல்லும் என்பதில் ஐயமில்லை. குடும்பம் பிரியாதிருக்க, ஒருவனுடைய சொத்து மட்டும் சுயார்ஜிதமாயின் என் செய்வது? இதுவே கடினமான வினா.

சென்னை சதர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துக் கட்டம நாச்சியார் பிரிவி கவுன்சிலுக்கு முறையிட்டார். உடன்பிறந்தார் பாகம் பிரிந்தனரா என்பது பற்றி நெடுங்காலம் வாதம் நடந்திருந்தது. பிரிவி கவுன்சிலாரோ, அவர்கள் பிரியவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் முடிவு மாறாது என்றனர். எஞ்சியவர்க்குச் சொத்து சேர்வதற்குக் காரணம், அவரும் அச்சொத்தில் முன்பே கூட்டுரிமை உடையவராய் இருந்தமை. சுயார்ஜிதத்தில் அத்தகைய கூட்டுரிமை என்றுமே இல்லை. ஆதலின் அது பங்காளிகளுக்குச் செல்லாது. மனைவிக்கும், அவருக்குப்பின் மகளுக்குமே செல்லும். இவ்வாறு 1863இல் ஜமீன் கட்டம நாச்சியாருக்கு உரியதாயிற்று. வேலு நாச்சியார் ஆண்ட சீமையில் மீண்டும் ஒரு நாச்சியாரின் உரிமை நிலைபெற்றது.

நிறைவுபெறாத நீதி

எனினும் இத்தீர்ப்பை ஆண் பெண் சமத்துவம் எனக் கொள்ளுதல் பிழையாகும். கௌரி வல்லபருக்கு ஒரு மகன் இருந்திருப்பின், மகளுக்கு ஜமீன் கிட்டியிராது. மகள் பெற்றதும் வரம்புடைய உரிமையே. அவர் மறைந்தபின் சொத்து அவருடைய வாரிசுக்குச் செல்லாமல், அவர் தந்தையின் வாரிசுக்கே மீளும். இதனால் அதே குடும்பத்தில் மீண்டும் வழக்கு எழுந்து, 1881இல் மறுபடியும் பிரிவி கவுன்சில் தீர்க்க நேர்ந்தது.

அக்குறை தீர மேலும் பல பத்தாண்டுகள் கடந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண் பெற்ற சொத்தை அவளுக்கே முழுவுரிமை ஆக்கியது. ஆயினும் பிதுரார்ஜிதத்தில் பிறப்புரிமை ஆண்மக்களிடமே நின்றது. தமிழ்நாடு அரசு 1989இல் அதுவரை மணமாகாத பெண்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. 2005ஆம் ஆண்டின் திருத்தம் இந்தியா முழுவதும் மகளையும் மகனுக்கு நிகரான பங்காளி ஆக்கிற்று. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வாறு படிப்படியாக வளர்ந்தது. ஆனால் சிவகங்கைக் குடும்பத்தார் இழந்த ஆண்டுகளைச் சட்டத்தின் குறையாக மட்டும் எண்ணுதல் பொருந்தாது. கௌரி வல்லபர் 28 ஆண்டுகள் ஜமீன்தாராய் இருந்தார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்திருக்கின்றனரா, பிரிந்துவிட்டனரா, ஜமீன் எவருடையது என்பவற்றுக்கு இரு தரப்பும் ஏற்கும் சான்று எதுவும் பின்வந்தோர்க்கு எஞ்சவில்லை. பெரியவர்கள் இருவரும் கூடியிருந்த காலத்தில் ஒரு நாளில் பேசி எழுதியிருக்கத்தக்க செய்தி அது. அது எழுதப்படாமையால், வழக்காடிய அங்கமுத்து நாச்சியார் தீர்ப்பைக் காணாமலே மறைந்தார். எதிர்நின்ற முத்து வடுகரும் அதைக் காணவில்லை.