மடங்கிய விரல்கள்

நாற்று முடியைப் பிரித்து, கட்டைவிரலும் இரு விரல்களுமாய்ப் பற்றிச் சேற்றில் ஊன்றும் கைதான் காவிரிப் படுகையின் முதற் கருவி. தொழுநோய் முழங்கை நரம்பைத் தாக்கினால் உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் மடங்குகின்றன. அழுகியே விரல் உதிர்கிறது என்று நெடுங்காலம் நம்பினர்.

1947-இல் வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் (நம் கொல்லிமலையில் பிறந்தவர்) செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் ஒருவரது மடங்கிய கையைப் பற்றினார். அந்தப் பிடி அவருக்கே வலித்தது! முன்கைத் தசைகள் வலுவோடிருந்தன. மறு ஆண்டு முதல் நல்ல தசைநாணை எடுத்து விரல்களில் இணைத்துத் தைத்தனர், கை விரிந்தது. வலியறியாக் கையில் பட்ட தீயும் வெட்டும் ஆறாப் புண்ணுமே விரல்களைத் தின்றன என்பதும் வெளிப்பட்டது.

ஆயினும் நலமடைந்தோர் முறையிட்டனர். கோணிய கைக்குப் பிச்சையாவது விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவுமில்லை, வேலை தருவாருமில்லை. கத்திக்கு எட்டாத நோய் ஊராரிடம் இருந்தது என்பேன். வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது இதனாலேயே. அங்கே தச்சு வேலை கற்றனர்.

விரல் நிமிர்ந்தாலும் உணர்வு மீளாது. கதிரரிவாள் கீறினாலும் தெரியாது. ஆகவே கருவியின் பிடிக்குத் துணி சுற்றவும், மாலைதோறும் இரு கைகளையும் கண்ணால் தேடிப் பார்க்கவும் கற்பித்தனர்.