பத்துப் பேரில் ஒருவர்

ஒதுக்கும் சமூகத்தை விட்டு வெளியேறினால் என்ன என்ற வினா, பால்புதுமையினரின் சமய வாழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுகிறது; வித்துராவின் மாணவர் உரையாடல்களிலும் கேட்டிருக்கிறேன். மரபு வழுவாத யூதர் ஒருவருக்கு இவ்வினாவின் எடை வேறு. பொது வழிபாட்டின் முக்கியப் பகுதிகளுக்குப் பத்துப் பேர் கொண்ட 'மின்யான்' வேண்டும். மரபுவாதப் பிரிவில் அவர்கள் பத்து ஆண்கள். ஓய்வுநாளில் வாகனம் ஏறலாகாது என்பதால் ஜெப ஆலயம் நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும். இவ்வாழ்வைத் தனியொருவராக வாழ்ந்துவிட முடியாது. சபையிலிருந்து விலக்கப்படுபவர் இழப்பது உறவை மட்டுமன்று, நோன்பையும் வழிபாட்டையுமே.

இதற்கு மிக அருகில் உள்ள வரலாறு கொச்சியில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தில் 'மெஷுக்ராரிம்' (விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் என்பது பொருள்) முழு உறுப்பினராக ஏற்கப்படவில்லை. தோரா வாசிப்புக்கு அவர்களை அழைப்பதில்லை, இருக்கையும் இல்லை, திருமண உறவும் இல்லை. இங்கே விலக்கப்பட்டதன் காரணம் பாலீர்ப்பு அன்று, பிறப்பு. ஆயினும் ஒப்பீடு பயனுடையது. ஏனெனில் இங்கே சட்டம் விலக்கப்பட்டவர்களின் பக்கமே இருந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவின் தாவீது இப்னு ஸிம்ராவிடமும் அலெக்சாந்திரியாவின் யாக்கோபு காஸ்ட்ரோவிடமும் இச்சிக்கல் சென்றது. முறைப்படி நீராட்டுச் சடங்கு முடிந்தபின் அவர்களுடன் மண உறவு கொள்ளத் தடையில்லை என்பதே இருவரின் தீர்ப்பு. உள்ளூர் வழக்கம் அசையவில்லை. சாதி நாட்டில் வேரூன்றிய யூதம் அது!

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சாரார் வெளியேறிக் கொச்சிக் கோட்டையில் தனிச் சபை கண்டனர். அது நீடிக்கவில்லை, வந்த வழியே திரும்பினர். அவர்களை வழிநடத்தியவரின் பேரன் ஏ. பி. சேலம் (1882–1967), வழக்கறிஞர், காந்தியத்தில் ஈர்க்கப்பட்டவர். அவர் தனிச் சபையை நாடவில்லை. ஆலயத்திற்குள்ளேயே சத்தியாக்கிரக முறையில் போராடினார். அவருடைய பிள்ளைகள் விலக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்தனர். 1940களுக்குள் வழிபாட்டுத் தடைகள் பெரும்பாலும் தளர்ந்தன. திருமணத் தடை அதற்குப் பின்னும் நின்றது. வழிபாட்டில் அருகில் அமர விடுவது எளிது, உறவாக ஏற்பது அரிது என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

அமெரிக்காவிலும் இரு வழிகளையும் காண்கிறோம். லாஸ் ஏஞ்சலஸில் 1972இலும் நியூயார்க்கில் 1973இலும் தற்பால் ஈர்ப்பாளர்கள் தமக்கெனச் சபைகளை நிறுவினர். கொச்சிக் கோட்டைச் சபையைப் போலன்றி அவை நிலைத்தன. ஆனால் மரபுவாதப் பிரிவிலேயே வாழ விரும்பியவர்களுக்கு அவை முழு விடையாகவில்லை. 1999இல் ஸ்டீவன் கிரீன்பெர்க் என்ற மரபுவாத ரபி தம்மைத் தற்பால் ஈர்ப்பாளர் என வெளிப்படையாக அறிவித்தார். 2001இல் வெளியான சாண்டி டுபௌஸ்கியின் ஆவணப்படத்தில் பேசியவர் பலர் முகத்தை நிழலில் மறைத்தே பேசினர்.

இவர்களுக்கு எதிராக லேவியராகமத்தின் வெளிப்படையான வாசகம் (18:22) நிற்கிறது. மெஷுக்ராரிமுக்கு எதிராக அப்படி ஒன்றும் இருந்ததில்லை. இந்த வேறுபாட்டைக் குறைத்துக் காட்டுவது நேர்மையன்று. ஆயினும் 2006 டிசம்பரில் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழு, மனித மாண்பு என்னும் கோட்பாட்டைக் கொண்டு, வாசகம் நேரடியாகத் தடுக்கும் ஒரு செயலை மட்டும் தடையாகவே வைத்து, ஏனைய தடைகளை நீக்கும் தீர்ப்பை ஏற்றது; பழைய தடையை வலியுறுத்தும் தீர்ப்பையும் அன்றே ஏற்றது. எதைப் பின்பற்றுவது என்பதை அந்தந்த ரபியே முடிவு செய்யலாம். 2010இல் மரபுவாத ரபிகள் பலர் ஒப்பமிட்ட அறிக்கை தடையைத் தொடவில்லை. ஆனால் இவர்களைச் சபையின் முழு உறுப்பினராக வரவேற்க வேண்டும் என்றது. வாசகம் மாறவில்லை, வழக்கம் நகர்ந்தது. கொச்சியில் நடந்ததும் அதுவே, சட்டம் எப்பக்கம் நின்றது என்பது மட்டும் வேறு.

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு இன்று சேலத்தின் பெயர். 1948க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பிற்காலத்தில் பத்துப் பேரைச் சேர்க்க வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை அந்த ஆலயத்திற்கு வந்தது.